அத்தான் வாங்கிய மலைப்பாம்பு

யூனியன்வில்லில் இருக்கும் என் அக்காவின் கணவர் ஒரு மலைப்பாம்பு வாங்கினார். அவருக்குப் பாம்புகளில் பிரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவரைப் போலவே வீடு விற்கும் தொழிலில் இருந்த இன்னொருவர் தன் வரவேற்பறையில் சுவர் நீளத்துக்கு மீன்தொட்டி வைத்திருந்தார். அத்தானுக்கு அதைவிட ஒருபடி மேலே போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

போல் பைத்தன், அதாவது பந்து மலைப்பாம்பு, என்று அந்த வகைக்குப் பெயர். பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். இவ்வளவு கூச்சமுள்ள ஒரு பிராணியைத் தேடிப் பிடித்து, நாலு பக்கமும் கண்ணாடியாலான பெட்டிக்குள் போட்டு, விருந்தாளிகளின் சோபாவுக்கு நேரெதிரே வைப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அத்தானிடம் அது நிறையவே இருந்தது. பெட்டிக்குள் வெள்ளை மணலும் ஒரு பிளாஸ்டிக் தாமரையும் வைத்தார். அது ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட இல்லை. விருந்து நாட்களில் அதைத் தூக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வயிற்றை உள்ளிழுத்தபடி படம் எடுத்துக்கொள்வார்.

பனிக்காலம் தொடங்கியதும் பாம்பு சாப்பிடுவதை நிறுத்தியது. குடும்பத்தில் எல்லாரும் வைத்தியர்களானார்கள். நாகதோஷம், பால் வையுங்கள் என்று ஓர் அன்ரி சொன்னார். பல்கலைக்கழகம் போய்ப் படித்த அத்தான் வெள்ளிக் கிண்ணத்தில் பால் வைத்தார். பாம்பு அதன்மேல் ஊர்ந்து கவிழ்த்தது. பிறகு உயிருள்ள எலியொன்றை வாங்கி உள்ளே விட்டார். பசியில்லாத பாம்பைப் பசித்த எலி கடித்தது. இதற்கிடையில் சட்டை உரிக்கும் பருவம் வந்துவிட்டது. ஒரே உறையாகக் கழன்று வரவேண்டிய தோல், காய்ந்த வெங்காயச் சருகுபோலத் துண்டு துண்டாக உடம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. அக்காவின் புருவம் பிடுங்கும் இடுக்கியை எடுத்து அத்தான் அதை உரிக்கத் தொடங்கினார். கழுத்துப் பக்கம் இரத்தம் கசிந்த பிறகே எனக்குப் போன் வந்தது.

எனக்கு ஏன் என்றால், நான் யூனியன்வில்லிலிருந்து பஸ் தூரத்திலுள்ள வெக்ஸ்போர்ட்டில் தனியாக இருக்கிறேன். விவாகரத்தான, பிள்ளை இல்லாத பெண்ணிடம் நேரம் கொட்டிக் கிடக்கிறது என்பது எங்கள் உறவினரின் அசைக்க முடியாத நம்பிக்கை. முழுநேர வேலை பார்க்கிறேன் என்பதை நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் அத்தானோடு நானும் போனேன். அந்த இளம்பெண் பேசுவதற்கு முன்பே பாம்புகளின் குணங்களைப் பற்றி அத்தான் அவருக்கு வகுப்பெடுத்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெட்டிக்குள் வெப்பம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்டார். வீடு முழுக்க ஹீட்டிங் இருக்கிறது என்றார் அத்தான். அந்த ஹீட்டிங்தான் காற்றை உலர்த்தித் தோலை ஒட்ட வைத்திருக்கிறது என்று வைத்தியர் விளக்கினார். காயத்தைச் சுத்தம் செய்து மருந்து போட்டார். தோலைப் பிடித்து இழுக்கவே கூடாது, கண்ணின்மேல் மூடியிருக்கும் தோலைத் தொடவும் கூடாது, ஈரத்தில் வைத்தால் தானாகக் கழலும் என்றார். அதுவரை சாப்பாடு வேண்டாமாம். பெட்டியின் ஒரு பக்கம் எந்நேரமும் சூடாக இருக்க வேண்டும், குளிர்ந்த உடம்பில் எதுவும் செரிக்காது, அதனால் பாம்பு வாயே திறக்காது என்றும் சொன்னார்.

பகல் முழுக்கச் சூட்டு விளக்கு எரிகிறது என்று அத்தான் சத்தியம் செய்தார்.

பாம்பை என்னிடமே விடுவது என்று முடிவாயிற்று. மறுநாள் பெட்டியையும் விளக்கையும் எடுக்க யூனியன்வில்லுக்குப் போனேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். விளக்கைக் கழற்றும்போது, இது எரிந்தும் ஏன் பாம்பு குளிர்ந்தது என்று நான் முணுமுணுத்தேன். அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அவர் வெளிக்கிட்டவுடனை உந்த லைற்றை நான்தான் நூக்கிறனான்," என்றாள், சுவிச்சை அணைப்பதுபோல விரலைக் காட்டி. "குளிர்ந்தால் அது அசையாது. அசையாமல் கிடந்தால்தான் நான் குசினிக்குப் போய் வரலாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டுவிட்டு அப்பாவிபோல நிற்கிறாளே என்று நினைத்தேன். அத்தானிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொன்னனான். அது வந்த அண்டைக்கே சொன்னனான், எனக்குப் பயமாக் கிடக்கு எண்டு. அவர் சிரிச்சுப்போட்டு அதைத் தூக்கி என்ரை மடியிலை போட்டு வீடியோ எடுத்தவர்."

அந்த வீடியோவை நான் பார்த்ததில்லை. அத்தான் இணையத்தில் போட்டிருந்ததை அக்கா தன் போனில் காட்டினாள். அவள் அலறுகிறாள், கமெராவுக்குப் பின்னால் அத்தான் சிரிக்கிறார். கீழே எங்கள் சொந்தக்காரர்கள் வரிசையாகச் சிரிப்பு முகங்கள் போட்டிருந்தார்கள். பால் வைக்கச் சொன்ன அன்ரியும் அதில் இருந்தார். அக்காமேல் வந்த கோபம் அப்படியே அவர்கள்மேல் திரும்பியது. இன்றும் அது அங்கேதான் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து பெட்டியின் மூன்று பக்கங்களை மட்டையால் மறைத்தேன். உள்ளே ஒளிந்துகொள்ள இரண்டு சிறு பெட்டிகள் வைத்து, ஒன்றுக்குள் ஈரப் பாசி நிரப்பினேன். விளக்கை ஒரு பக்கமாகப் பொருத்தினேன். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துவாயைப் பாம்பின்மேல் சுற்றி, அது தானாக ஊர்ந்து வெளியே வரும்படி கைக்குள் தளர்வாகப் பிடித்தேன். எனக்கும் அதைப் பிடிக்க அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அது துவாயின் மடிப்புகளுக்குள் நுழைந்து நுழைந்து வர, பழைய தோல் மெல்லிய கண்ணாடித்தாள்போலத் துவாயில் தங்கியது. வால் நுனியில் இறுகிப்போயிருந்த வளையமும் விட்டது. கண்மேல் இருந்த மூடிகள் மட்டும் பிடிவாதமாக நின்றன. நான் தொடவில்லை. அடுத்த முறை சட்டை உரித்தபோது அவையும் தோலோடு சேர்ந்து போயின.

சாப்பாட்டுக்குக் கடையில் உறைந்த எலி வாங்கினேன். சுடுதண்ணீரில் வைத்து உருக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்துக் காட்டினேன். முதலில் தலையைத் திருப்பிக்கொண்டது. நானும் வற்புறுத்தவில்லை. பிறகொரு மாலை, நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டுச் சடாரென்று கவ்விச் சுற்றிக்கொண்டது. இடுக்கி என் கையிலிருந்து விழுந்தது. தனி வீட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

செய்தி கேட்டு மறுநாளே அத்தான் வந்தார், அக்காவையும் கூட்டிக்கொண்டு. வார இறுதியில் அவர் வீட்டில் விருந்து. பாம்பு வேண்டுமாம்.

"இப்ப தூக்காதேங்கோ அத்தான். சாப்பிட்டது செமிக்கேல்லை, கக்கிப்போடும்," என்றேன்.

அவர் இருபது வீடுகளை ஒரே மாதத்தில் விற்றவர்போல என்னைப் பார்த்துவிட்டு, பாம்பைத் தூக்கித் தோளில் போட்டார். போனை நீட்டிச் சிரித்தார். பாம்பு உடம்பை இறுக்கி வாயைப் பிளந்து, பாதி கரைந்த எலியை அவருடைய புதுக் கோட்டின் முன்பக்கத்தில் கக்கியது. அந்த நாற்றத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

நான் பாம்பை வாங்கிப் பெட்டிக்குள் விட்டேன். குளியலறையில் கோட்டைக் கழுவிக்கொண்டே, வருத்தக்காரப் பாம்பை விற்ற கடைக்காரனை அத்தான் திட்டினார். விருந்துக்குள் அதைக் குணப்படுத்திக் கொண்டுவரச் சொல்லி எனக்கும் கட்டளையிட்டார்.

கதவடியில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்ற அக்கா, "உது இனி எங்கடை வீட்டுக்கு வராது," என்றாள். சத்தமில்லாமல் சொன்னாள். "வந்தால் நான் இஞ்சை வந்து இருப்பன்."

அத்தான் தண்ணீர்க் குழாயை மூடினார். சிரிக்கப் பார்த்தார், ஆனால் சிரிப்பு வரவில்லை. ஈரக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு காருக்குப் போனார்.

பாம்பின் வயிறு ஆற நீண்ட நாள் பொறுத்திருக்கச் சொன்னார் வைத்தியர். பொறுத்தேன், மறுபடி சாப்பிட்டது. அதை எனக்குப் பரிசாகக் கொடுத்ததாக அத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும். அக்கா சில சனிக்கிழமைகளில் பஸ் எடுத்துத் தனியாக வருகிறாள். தேநீர் குடிப்போம். பாம்பு இருக்கும் அறைக்குள் அவள் இன்னும் கால் வைப்பதில்லை. நான் அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.