கார்டின் பின்பக்கம்

இன்று பல்லாவரத்தில் செருப்பு வாங்கிவிட்டு கிரெடிட் கார்டை நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி கையெழுத்தே இல்லையே சார்?"

"வேணும்னுதாம்மா போடல. தொலைஞ்சா, எடுக்கறவன் அதைப் பாத்து அப்படியே போட்டுடுவான் இல்ல?" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் பேனாவை நீட்டினார். "இப்ப போட்டுடுங்க சார்."

கார்டில் போட்டேன். மெஷினில் வந்த சீட்டிலும் போட்டேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து நிதானமாக ஒப்பிட்டார்.

"கரெக்டா இருக்கு சார்."

தாம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பேனாவை வாங்கி யார் போட்டிருந்தாலும் கரெக்டாகத்தான் இருந்திருக்கும். நான் யார் என்று அவர் கேட்கவே இல்லை.

உங்கள் கார்டையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இரண்டு வருடமாக நான் பத்திரமாகக் காத்துவந்தது, திருடன் கையெழுத்துப் போடுவதற்கான இடத்தை.