பக்கெட்டில் உடைத்த முட்டை

1. பாதி லைன் காலி

கேன்டீன் பொறுப்புக்கு நான் வந்த அன்று, எங்கள் பனியன் கம்பெனியின் தையல் லைனில் பாதி மெஷின் ஓடவில்லை. கேன்டீனில் சாப்பிட்ட டெய்லர்கள் காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, பேதி என்று படுத்துவிட்டார்கள். அதுவரை துணி செக்கிங்கில் இருந்த என்னை முதலாளி கூப்பிட்டார்.

"சரசக்கா, இனிமே சமையல்கட்ட நீங்க பாத்துக்கோங்க. மாஸ்டர ஊருக்கே அனுப்பிச்சுடலாமுங்க."

மாஸ்டர் சுடலைமுத்து திருநெல்வேலிக்காரர். கல்லில் ஊற்றி அரைவேக்காட்டில் எடுக்கும் நம் கொங்கு நாட்டு முட்டைக் கலக்கியை நம்மைவிட நன்றாகப் போடுவார். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் துணியில் ஓட்டை விழுந்தால் எந்த மெஷின் என்று தேடுகிறவள் நான். காரணம் தெரியாமல் ஒரு மனிதரின் பிழைப்பில் கை வைக்க மனம் வரவில்லை. "ஒரு வாரம் பொறுங்க" என்றேன்.

பரிசோதனை செய்த டாக்டர், சால்மோனெல்லா என்றார். கோழி, முட்டை வழியாக வரும் கிருமி. நன்றாக வெந்தால் செத்துவிடும், அரைவேக்காட்டில் பிழைத்துக்கொள்ளும்.

2. டீ பிரேக் அவசரம்

"எப்பவும் கலக்கி போடறது எப்படீன்னு செஞ்சு காட்டுங்க மாஸ்டர்" என்றேன்.

டீ பிரேக் கொஞ்ச நேரம்தான். அதற்குள் அத்தனை பேருக்கும் கலக்கி வேண்டும். அதனால் காலையிலேயே எல்லா முட்டையையும் ஒரே பக்கெட்டில் உடைத்து, அடுப்போரம் வைத்துவிடுவாராம். மணி அடித்ததும் மொண்டு மொண்டு கல்லில் ஊற்ற வேண்டியதுதான்.

"ஒரு முட்டையில கிருமி இருந்துச்சுன்னா?"

"ஒண்ணே ஒண்ணு என்னக்கா செஞ்சிரும்?"

"வெள்ளத் துணியோட சாயம் போற செவப்புப் பனியன் ஒண்ணச் சேத்து ஊறப்போட்டா என்னாகுமுங்க?"

மாஸ்டர் குனிந்து பக்கெட்டைப் பார்த்தார். அடுப்போரச் சூட்டில் கிருமி டீ பிரேக் மணி அடிக்கும்வரை பெருகியிருக்கிறது; கலக்கியோ உள்ளே வேகாத பண்டம். மனிதர் நொறுங்கிப்போனார். "ஏ யாத்தே, நானா அந்தப் பிள்ளைகளப் படுக்க வச்சேன்?" என்று தலையில் கை வைத்துவிட்டார்.

அன்றோடு பக்கெட் தரை துடைக்கப் போய்விட்டது. முட்டை ஃபிரிட்ஜில் இருக்கும், கேட்கக் கேட்க உடைத்து முழுசாக வேகவைப்போம். பச்சைக் கோழிக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயம் பக்கம் போகக்கூடாது.

டெய்லர்கள் தேறி வந்தார்கள். வந்ததும் கேட்டது கலக்கியைத்தான்! மாஸ்டர் சளைக்கவில்லை. நன்றாக வெந்த முட்டையைக் கொத்தி, சால்னாவும் மிளகும் விட்டுப் புரட்டிக் கொடுத்தார். வரிசை வாசல் தாண்டியது.

ஒரு நாள் முதலாளி மெதுவாக எட்டிப்பார்த்தார். "மாஸ்டர், எனக்கு மட்டும் ஒரே ஒரு கலக்கி போடுங்க. அக்காவுக்குத் தெரிய வேண்டாமுங்க."

நான் பின்னால்தான் நின்றிருந்தேன். மாஸ்டர் திரும்பாமலே, "ஒங்க வயித்துக்கு மட்டும் கிருமி லீவு போடுமா மொதலாளி?" என்றார்.

கேன்டீனே சிரித்தது. முதலாளி முட்டைப் புரட்டலை வாங்கி, நின்றுகொண்டே தின்று, இன்னொன்றும் கேட்டார். "இவர ஊருக்கு அனுப்பிச்சுப்போட்டா நம்ம வயித்த யாருங்கக்கா பாக்கறது?"

கேன்டீன் பொறுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஆளை அனுப்பும் முன், பக்கெட் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.