வூட்டுக் கரண்டி, பூச்சுக் கரண்டி

வேப்பந்தட்டையில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினப்ப நான் சித்தாள். கொத்தனாருக்குக் கலவைச் சட்டி தூக்கித் தர்ற வேலை. கூட வந்த ஆம்பளைங்களும் சட்டிதான் தூக்குவாங்க. ஆனா கொஞ்ச நாள்ல பூச்சுக் கரண்டி பிடிச்சுக் கொத்தனார் ஆயிடுவாங்க. பொம்பளைங்க சட்டியோடவே நின்னுடுவோம். எங்க கைக்கு ஏன் அது வராதுன்னு எனக்கு யோசனையாவே இருந்துச்சு.

டீ நேரத்துல கொத்தனாரைக் கேட்டேன். "அண்ணே, நானும் கரண்டி பிடிச்சுப் பாக்கவா?"

"வூட்ல இருக்குமேம்மா, அதைப் பிடி" என்றார். எல்லாரும் சிரிச்சாங்க.

"அதைப் பிடிச்ச கைதாண்ணே இது. தோசை கிழியாம வருதே, சுவரு வராதா?"

அவர் கொஞ்சம் யோசிச்சார். "கக்கூஸ் சுவத்தைப் பூசு. கெட்டாலும் வெளிய தெரியாது."

சாந்தை வெச்சு, தோசை மாதிரி வட்டமா தேய்ச்சேன். மொத்தமும் கால்ல விழுந்துச்சு.

"ஏம்மா, அது தோசைக்கல்லு இல்ல. முதல்ல வீசி அடி, அப்புறம் தேய்."

வீசி அடிச்சேன். பாதி ஒட்டுச்சு. சாயங்காலத்துக்குள்ள சுவரு முடிஞ்சுது. அவர் மட்டப்பலகை வெச்சு, மேடு பள்ளம் இருக்கான்னு பாத்துட்டுக் கிளம்பிட்டார்.

மறுநாள் காலையில நான் சட்டியை எடுத்தேன்.

"அதை வை. உன் கரண்டி எங்க?" என்றார்.

"வூட்ல இருக்குண்ணே."

அவர் சிரிச்சுக்கிட்டே பையிலிருந்து இன்னொரு கரண்டியை எடுத்துக் கொடுத்தார்.