பத்துக்குப் பத்து

நாலாவது மாடி இஸ்திரியம்மாவுக்கு யாரையும் குறை சொல்ல வராது. அது நல்ல குணமா, வெறும் பிடிவாதமா என்று அந்தக் கட்டடத்தில் இன்னும் யாரும் முடிவுக்கு வரவில்லை.

வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவர். நின்றபடியே செய்கிற வேலை. உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்பார் மேற்பார்வையாளர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. ஏதாவது வார்டிலிருந்து விரிப்பில் சுருக்கம் என்று புகார் வந்தால் போதும். மிஷின் பழசு என்பதெல்லாம் எவர் காதிலும் ஏறாது. அன்றைக்கு யார் நின்றாரோ அவர் தலையில்தான் விழும். பக்கத்தில் நின்ற தோழிக்கு அப்படித்தான் வேலை போனது. புகார் எங்கே கிளம்பினாலும் கடைசியில் ஒரு வேலைக்காரியின் சோற்றில்தான் வந்து கைவைக்கும் என்பது இஸ்திரியம்மா அங்கே கற்ற பாடம்.

அவர் ஓய்வு பெற்றபோது அவருடைய முழங்கால்களும் கூடவே ஓய்வு பெற்றுவிட்டன. லிஃப்ட் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தார். ஒரு மழையில் அதுவும் காலை வாரிவிட்டது. நகராட்சிக் கட்டடம், நகராட்சி லிஃப்ட். யாரிடம் சொல்வது என்று தெரிந்தவர்கள் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் தெருவை மிதிக்கவில்லை. அடுக்களை ஜன்னலில் தெரிகிற பஸ் நிறுத்தம்தான் அவருக்கு வெளியுலகம். காலையில் மகள் அங்கே நின்று கை காட்டிவிட்டு பஸ் ஏறும்வரை ஜன்னலை விட்டு நகரமாட்டார்.

மகளுக்கு அப்போதுதான் நகராட்சியில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. மக்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தப் போவதாக நகராட்சி அறிவித்து, பஸ் நிறுத்தம்தோறும் சிரிக்கிற குடும்பத்தின் படத்தை ஒட்டியிருந்தார்கள். நல்ல காற்று, பக்கத்திலேயே பூங்கா, யாரும் சிரமமில்லாமல் வீட்டைவிட்டு வெளியே வந்துபோக வழி என்று ஏகப்பட்ட இலக்குகள். மகளும் இன்னும் சில பெண்களும் வீடு வீடாக போன் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்க வேண்டும்.

"நம்ம கட்டடத்துக்கும் வரும்மா. நான் பேசக் கூடாது, வேற பொண்ணுதான் பேசும்."

"மார்க் கொறஞ்சா என்ன பண்ணுவாங்க?"

நாளெல்லாம் பேசிய களைப்பில் மகள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். பதில்தான் தனக்குத் தெரியுமே என்று இஸ்திரியம்மாவும் விட்டுவிட்டார்.

மறுநாள் முதல் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேலே ஏறுகிறவர்கள் எப்படியும் நாலாவது மாடியில் மூச்சு வாங்க நிற்பார்கள். எதிர்த்துப் பேச மூச்சு இல்லாத அந்த நேரமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். "போன் வந்தா எல்லாத்துக்கும் பத்து போடுங்க. என் பொண்ணு பொழப்பு. வேலை நிரந்தரமாகணும்." கீழ் வீடுகளுக்கு இறங்குகிறவர்களிடம் சொல்லியனுப்பினார். இப்படியே கட்டடம் முழுவதையும் வளைத்துப் போட்டுவிட்டார். எதிர்வீட்டு டிரைவர் ஒருவர்தான் மசியவில்லை. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், இப்போது நெஞ்சில் சளி கட்டி இரண்டு படி ஏறினால் இளைப்பு.

"லிஃப்டுக்கு மட்டும் சைபர் போட்டுடறேனேம்மா. மத்ததுக்கெல்லாம் பத்து. சரிதானே?"

"அண்ணே, அந்த ஒண்ணை வெச்சே பொண்ணைப் பிடிப்பாங்க. எனக்காக."

டிரைவர் முனகிக்கொண்டே கதவைச் சாத்தினார். போன் வந்தபோது பத்துதான் சொன்னார்.

முடிவுகள் வந்த அன்று மேலதிகாரி மகளைக் கூப்பிட்டார். "இது உங்க கட்டடம்தானே? ஊர்லயே முதல் இடம். நானே அங்க குடி வந்துடலாம் போல." மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. மார்க் குறைந்த கட்டடங்களுக்குத்தான் முதலில் ரிப்பேர் என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கணக்கெடுப்பு முடிந்தது, நாளையிலிருந்து வர வேண்டாம், ஹெட்போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போங்கள்.

படியேறி வந்தவளிடம் இஸ்திரியம்மா ஆசையாகக் கேட்டார், "மார்க் எப்படி?" கேட்டதோடு நிற்காமல் தன் சாமர்த்தியத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மகளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"கொறைச்சு சொன்னாதாம்மா லிஃப்டைச் சரி பண்ணுவாங்க. அதுக்காகத்தான் கேக்கறதே."

இஸ்திரியம்மா புடவைத் தலைப்பை மடியில் வைத்து நீவ ஆரம்பித்தார். இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"மறுபடி எப்போ கேப்பாங்க?"

"மூணு வருஷம் ஆகும்."

"டிரைவர் அண்ணன் வேண்டாம் வேண்டாம்னாரு. நான்தான் கேக்கல." குரல் உடைந்தது. மகள் கையைப் பிடித்து எழுந்தார். "வா. நானே சொல்லிடணும்."

எதிர்க்கதவு திறந்தது. டிரைவர் கதவைப் பிடித்தபடி இஸ்திரியம்மா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு மகளைப் பார்த்தார்.

"லிஃப்ட் கெடக்கட்டும். உன் வேலை நிரந்தரமாச்சா பாப்பா?"

இரண்டு முகங்களும் அவளையே பார்த்தன. சற்று முன்வரை இருந்த கோபத்தை எங்கே தேடியும் காணவில்லை.

"ஆச்சு மாமா."

"அப்ப நம்ம பத்து வீண் போகல," என்றார் டிரைவர். இஸ்திரியம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

காலையில் அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே எழுந்து சாப்பாடு கட்டினார். நிரந்தர உத்தியோகம் பார்க்கப் போகிறவள் கசங்கலாகப் போகலாமா என்று மகளின் சட்டைக்குத் தன் கையாலேயே இஸ்திரி போட்டார். மகள் டப்பாவை வாங்கிக்கொண்டு நாலு மாடியும் இறங்கினாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலில் அம்மா இருந்தார். கை காட்டினாள். பஸ் வந்தது. ஏற மனமில்லாமல் அதை விட்டுவிட்டாள். அடுத்ததும் வந்து நின்றது. ஜன்னலில் அம்மா இன்னும் நகரவில்லை.

அவள் ஏறிக்கொண்டாள். எங்கே போகணும் என்று கேட்ட கண்டக்டரிடம், வேறு இடம் வாயில் வராமல், நகராட்சி ஆபீஸ் என்றாள்.