முட்டை உடையாமல் தேனி வரை

சென்ற வாரம் தேனி பஸ் ஸ்டாண்டில் என் செருப்பு வார் அறுந்துபோயிற்று. மரத்தடியில் செருப்புத் தைப்பவர் ஒரு தோல் துண்டை எடுத்துத் தகர டப்பாத் தண்ணீரில் முக்கி, ஊறட்டும் என்று விட்டார். நான் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். ஊறிய தோலின் வாடை இருக்கிறதே, அதை நல்ல வாடை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு முறை மோந்து பார்க்கத் தோன்றும். மோந்தேன். கண்ணெதிரே என் பஸ் புறப்பட்டுப் போயிற்று. நானோ யுத்த காலத்து உத்தமபாளையத்தில், ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.

அங்கே ஒரு மோட்டார் ஷெட்டில் எனக்குக் கிளார்க் உத்தியோகம். காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து, மேஸ்திரி வீரணனுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கார் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதற்கு மேல் காரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வீரணனோ ஷெட்டுக்கு வருமுன் தோட்டக் கிணற்றில் மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்தவர். ஆக, இங்கிலீஷ் தெரிந்த ஒருவனும் இரும்பு தெரிந்த ஒருவரும் சேர்ந்து பாதி மெக்கானிக்காக இருந்தோம்.

அந்தக் கார் பக்கத்து ஊரான கோம்பையில் தோட்டம் வைத்திருந்த ஒருவருடையது. துணிக்கூரை போட்ட, யுத்தத்துக்கு ரொம்ப முந்திய வண்டி. அவர் மனைவி காமாட்சியம்மாளுக்கு இரண்டு முறை குறைமாதத்தில் கலைந்து, மூன்றாவது தங்கியிருந்தது. தேனி டாக்டரம்மா முன்கூட்டியே வந்து தங்கச் சொல்லியிருந்தார். வழியில் உடம்பு குலுங்கவே கூடாது என்றும் சொல்லியிருந்தார். கோம்பைச் சாலையில் குலுங்காமல் வந்தது அதுவரை காற்று ஒன்றுதான். இந்தக் காரோ ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்போடு இரும்பு மோதி, ஏறினவர்களைக் கூரை வரை தூக்கிப் போட்டது.

ஏன் மோதுகிறது என்று பார்க்கத்தான் அடியில் நுழைந்தேன். வண்டியின் பாரத்தை வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் தாங்குகின்றன. பாரம் ஏறினால் வில் நிமிரும், நிமிர்ந்தால் நீளும். நீள்வதற்கு இடம் வேண்டுமே? அதனால் பட்டையின் ஒரு முனையை, ஊஞ்சல் போல ஆடும் விரல் நீளத் துண்டு ஒன்றில் தொங்கவிட்டிருந்தார்கள். சாக்கிள் என்று பெயர். அத்தனை பெரிய வண்டி இத்தனூண்டு ஊஞ்சல்களில் ஆடுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குக் காரில் ஏறப் பயம். பட்டையின் முனையும் சாக்கிளும் சேரும் இடத்தில் மெத்தை மாதிரி ஒரு ரப்பர் புஷ் இருக்க வேண்டும். இருந்த இடத்தில் கரித்தூள்தான் இருந்தது. யுத்தத்தில் ரப்பருக்கு எங்கே போவது?

"கமலைத் தோலு இருக்குல்ல?" என்றார் வீரணன். கமலைச் சாலின் அடியில் வால் போலத் தொங்கித் தண்ணீரைக் கொட்டுமே, அந்தத் தோல். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தோல் கூடாது என்று எங்குமே எழுதவில்லை. அதைக் கம்பீரமாக அறிவித்தேன்.

தோலை நன்றாகத் தண்ணீரில் ஊறவைத்து, வளையமாக நறுக்கி, பட்டை முனையில் கண் போல இருந்த துளைக்குள் திணித்தோம். கமலைத் தோலை எங்கள் பக்கம் யாரும் நனைக்காமல் தொடமாட்டார்கள். எண்ணெய் போல வேறு எதிலாவது ஊறவைக்கலாம் என்ற எண்ணமே வரவில்லை. இனி பட்டையையும் சாக்கிளையும் கோக்கும் இரும்பு ஆணியைச் செருக வேண்டும். துளைகள் நேருக்கு நேர் வந்தால்தானே? இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம் நழுவியது. பட்டையை நிமிர்த்தப் பாரம் வேண்டும் என்று, வேடிக்கை பார்க்க வந்தவர்களையெல்லாம் வண்டியில் ஏற்றினார் வீரணன்.

"யாரும் அசையப்படாது. சிரிக்கவும் கூடாது!"

"மேஸ்திரி, மூச்சு விடலாமா?"

"மெதுவா விடு."

ஆணி பாதி நுழைந்த நேரத்தில் ஒருவர் வெற்றிலை துப்பக் கீழே இறங்கினார். பட்டை துள்ளியது, ஆணி என் காதை உரசிக்கொண்டு பறந்து சாக்கடையில் விழுந்தது. "ஏலே, வெத்தலைய முழுங்கித் தொலைச்சா என்ன?" என்று வீரணன் கத்தியது பஜார் வரை கேட்டிருக்கும்.

ஒரு வழியாக மாட்டினோம். காமாட்சியம்மாள் ஒரு கூடை முட்டை கொடுத்தனுப்பியிருந்தார். "இது உடையாம கோம்பை வந்து சேந்தா நான் ஏறுறேன்" என்று சொல்லியும் விட்டிருந்தார். சீட்டில் கூடையை வைத்து ஓட்டினோம். ஒன்றுகூட உடையவில்லை. வீரணன் கர்வத்தில் நடையே மாறிப்போனார். நானும் என் பங்குக்குக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்.

நல்ல நாள் பார்த்துப் புறப்படுவதற்குள் கார் சில நாள் கோம்பை வெயிலில் நின்றது. புறப்படும் காலையில், அந்தம்மாள் ஏறுமுன் மறுபடியும் முட்டைக் கூடையை வைத்து ஓட்டிக் காட்டச் சொன்னார். தெரு முனைப் பள்ளத்தில் இறங்கியதும் படார் என்றது. சீட்டெல்லாம் மஞ்சள்.

தோட்டக்காரர் வீரணனை அடிக்காத குறை. அந்தம்மாள் வயிற்றில் கை வைத்தபடி காரைச் சுற்றி வந்து, குனிய முடியாமல், "உள்ள என்னத்தப்பா வச்சீக?" என்றார்.

"கமலைத் தோலு, ஆத்தா."

"நாலு நா எறைக்காமப் போட்டா கமலைத் தோலு என்ன ஆகும்?"

வீரணன் தலையைச் சொறிந்தார். "சுருங்கிக் கருவாடா ஆயிரும்."

"நனைச்சா?"

"நெகிழ்ந்துக்கிரும்."

"அப்பறம் நின்னுக்கிட்டு என்ன பேச்சு? வழியெல்லாம் வாய்க்காதான ஓடுது, நனைச்சுக்கிட்டே போவோம்."

தோல் ஊறும்வரை காத்திருந்து புறப்பட்டோம். வீரணன் ஓட்ட, தகர டின்னோடு நான் காரின் பக்கவாட்டுக் கால்பலகையில் தொற்றிக்கொண்டேன். பின்சீட்டில் கணவரோடு அந்தம்மாள், உள்ளங்கையில் ஒரே ஒரு முட்டையோடு. உத்தமபாளையம் தாண்டியதும் ஒவ்வொரு வாய்க்காலிலும் நிறுத்தி, இறங்கி, நாலு மூலையிலும் தண்ணீர் ஊற்றினேன். மார்க்கையன்கோட்டைப் பக்கம் நடவு நட்ட பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "என்னண்ணே, காருக்குக் காலு கழுவி விடுறீக? மாப்பிள்ளைக் காரா?" அந்தம்மாள் சிரித்துவிட்டு, உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வண்டிக்குள் ஒருவரும் மூச்சு விடவில்லை. "ஒண்ணுமில்ல, உள்ள இருக்கதும் சிரிக்குது. போப்பா" என்றார்.

தேனி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது அந்த முட்டையை என் கையில் வைத்தார். "இந்தா தம்பி, உடையல." பெண் குழந்தை, முழு மாதத்தில் பிறந்தது. முட்டையைப் பத்திரமாக வைத்திருந்தேன் என்று எழுத ஆசைதான். அன்று சாயங்காலமே அவித்துத் தின்றுவிட்டேன்.

"காஞ்சா இறுகும் சார், பாத்து" என்று செருப்பை நீட்டினார் மரத்தடியில் தைத்துக்கொண்டிருந்தவர். தெரியும் என்றேன். அவர் நம்பவில்லை.

அடுத்த பஸ்ஸில் கம்பம் பக்கம் போனேன். தோட்டங்களில் பம்புசெட் ஓடுகிறது. கமலை எங்கும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, அன்று நான் டின்னில் தண்ணீர் மொண்ட வாய்க்கால்களைத் தேடினேன். எல்லா வாய்க்கால் மேலும் சிமெண்டுப் பாலம் போட்டுவிட்டார்கள். பஸ் குலுங்காமல் தாண்டித் தாண்டிப் போயிற்று. அடியில் தண்ணீர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்குமுன் ஒவ்வொன்றும் பின்னால் போய்விட்டது.