அசல் கட்டை

மெல்லிசைக் குழுவில் பாடுகிறவரின் தொண்டை கட்டினால், அது ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் கீபோர்டு வாசிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை முகத்தில் காட்டாமல் வாசிப்பதற்குப் பெயர்தான் பக்கவாத்தியம். மேடையின் பின்வரிசையில் உட்கார்ந்து, முன்வரிசையின் முதுகை மட்டுமே பார்த்துக் காலம் கழித்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் எனக்குப் பகலில் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் வேலை. விடுமுறைகளில் தாலாட்டும் ஒப்பாரியும் ஊருக்கு ஊர் எவ்வாறு சொல் மாறுகின்றன என்று ஒப்பிடும் வேலை. சனி, ஞாயிறு மாலைகளில் தாம்பரம் வட்டாரத்து மேடைகள். குழுவின் தலைவரும் முதன்மைப் பாடகரும் சேகர். என்னைப் 'புலவரே' என்று அழைப்பார். பெண் குரல் ஸ்டெல்லா, பல்லாவரத்தில் ஒரு பள்ளியின் பாட்டு ஆசிரியை. கித்தார் மோகன், கீபோர்டு நான். எங்கள் மேடைக்குப் பின்னால் எப்போதும் ஒரு துணிப் போர்டு தொங்கும்: 'அசல் கட்டையில் அசல் குரல்கள்'. கட்டை என்பது சுருதியின் அளவு. சினிமாப் பாட்டு எந்தச் சுருதியில் பதிவானதோ அதே சுருதியில், சற்றும் இறக்காமல், மேடையிலும் பாடுவோம் என்பது அந்தப் போர்டின் பொருள். மற்றக் குழுக்களிடம் இல்லாத பெருமை அது ஒன்றுதான்.

இனி மேற்கோள் குறிக்குள் வருபவை என் காதால் கேட்டவை. ஓரிடத்தில் மட்டும் ஐயம் உண்டு. அதை அங்கேயே சொல்கிறேன்.

இன்னைக்கு மட்டும்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடை ஏறுவதற்கு முன் சேகர் என்னைச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். தொண்டையைத் தடவிக்கொண்டே, "புலவரே, தூசி ஒத்துக்கல. இன்னைக்கு மட்டும் அரைக் கட்டை இறக்கிடுங்க" என்றார். என் கீபோர்டில் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் விரல்கள் பழைய இடத்திலேயே வாசிக்கும்; ஒலி மட்டும் கீழே இறங்கிவிடும். ஆனால் கித்தாரின் தந்திகளையும் தபலாவையும் கையால்தான் இறக்க வேண்டும். இறக்கினால் நிகழ்ச்சி முடியும்வரை அப்படியே. ஆகவே மோகனிடமும் தபலாக்காரரிடமும் சொன்னோம். ஸ்டெல்லாவிடம் யாரும் சொல்லவில்லை. பாடுகிறவருக்குத் தெரிந்தால் பார்க்கிறவருக்கும் தெரியும் என்பது சேகரின் கட்சி.

அன்று மாலை முழுவதும் யாரேனும் எழுந்து நின்று போர்டைச் சுட்டிக்காட்டிக் கேட்டுவிடுவார்கள் என்று ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் எதிர்பார்த்தேன். யாரும் எழவில்லை. சாமான்களைக் கட்டும்போது பெண்ணின் தாய்மாமன் வெற்றிலை வாயோடு வந்து சேகரின் தோளைத் தட்டினார். "ஷோக்கா இருந்துச்சு வாத்யாரே, அப்டியே கேசட்டு போட்ட மாதிரியே கீது!"

குரலைக் காணோம்

'இன்னைக்கு மட்டும்' என்பது ஒரு பருவம் முழுவதும் நீண்டது. வாயால் சொல்வதும் நின்றுபோய், மைக் ஸ்டாண்டின்மேல் கட்டைவிரலைக் கீழ்நோக்கி வைப்பது அடையாளமாயிற்று. திருநீர்மலையில், மலையடிவாரத்துத் திருவிழா மேடையில், நிகழ்ச்சி தொடங்குமுன் அந்த விரல் இருமுறை தட்டியது. அரைக் கட்டை முழுக் கட்டை ஆனது.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். ஆண் குரலின் உச்சியைக் காப்பாற்றச் சுருதியை இறக்கினால், பெண் குரலின் அடித்தளம் பாதாளத்துக்குப் போய்விடும். டூயட்டில் சேகர் சுகமாக மேலே உலவிக்கொண்டிருக்க, ஸ்டெல்லா தன் கீழ் அடிகளில் காற்றைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். மைக்கை உதட்டோடு ஒட்டினாள், நெஞ்சை அழுத்திக்கொண்டாள், திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தபடியே வாசித்தேன். மேடையை ஒட்டிப் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள், பக்கத்துக் கடைக்காரியிடம் மறைக்காமல் சொன்னார்: "அந்தப் பொண்ணு வாயத்தான் அசைக்குது. குரலக் காணோமே, வூட்லயே வெச்சுட்டு வந்துச்சா?"

முன்வரிசையில் ஒரு குழல்

சேலையூரில் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழா. முன்வரிசையின் நடுவில் சங்கச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பாட்டு முடிந்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து வட்டமான சிறு ஊதுகுழல் ஒன்றை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, உதட்டில் வைத்தார். சுருதி பார்க்கும் குழல் அது. கைத்தட்டலின் ஊடே அதன் ஒலி எனக்குக் கேட்டது; அசல் கட்டை. என் கீபோர்டிலிருந்து அதற்கு ஒரு முழுக் கட்டை தூரம்.

அடுத்த பாட்டின் முன்னிசையை நான் எப்படி வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. மோகன் வாயைத் திறக்காமல், "சார், பெருசு நம்ம வண்டவாளத்த ஊதிப் பாத்துகினு கீது சார்" என்று முணுமுணுத்தான். சேகரின் முதுகில் சட்டை நனைந்து ஒட்டியது. செயலாளர் ஒவ்வொரு பாட்டுக்கும் ஊதினார், ஒவ்வொரு முறையும் புன்னகை செய்தார். நன்றியுரைக்குப் பின் மேடைக்கு ஏறி வந்து சேகருக்குச் சால்வை போர்த்தினார். போர்டை நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, சேகரின் காதோடு சொன்னது எனக்கும் கேட்டது: "எல்லாம் நன்னா இருந்தது. அசல் கட்டைன்னு போட்டிருக்கேளே, யாரோட அசல்னு போடலையே!"

பள்ளிக்கூட ஆர்மோனியம்

கிழக்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை எங்கள் ஒத்திகை இடம். ஒரு ஞாயிறு முற்பகலில் ஸ்டெல்லா மற்றவர்களுக்கு முன்பே வந்திருந்தாள். குரல் போய்விட்டது என்று பயந்து தொண்டை மருத்துவரிடம் காட்டியிருக்கிறாள். அவர் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். வீட்டிலோ பாட்டை விட்டுவிடும்படி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தேவாலயத்துப் பாடகர் குழுவிலிருந்தும் தானாகவே நின்றுவிட்டதாகச் சொன்னாள். பாட்டு டீச்சருக்கே பாட்டு வரவில்லை என்ற பேச்சு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"சார், ஸ்கூல் ஆர்மோனியத்துல வெச்சுப் பாடினா எனக்குக் கீழ எல்லாமே வருது. மேடையில மட்டும் ஏன் சார் வரல?"

மின்சார ரயில் ஒன்று கடந்தது. அது முழுவதுமாகக் கடக்கும்வரை எனக்கு அவகாசம் கிடைத்தது. தலைவரின் இரகசியத்தைச் சொல்லவும் கூடாது. அவளிடம் பொய் சொல்லவும் வாய் வரவில்லை. "உன் ஆர்மோனியம் சரியாத்தாம்மா இருக்கு" என்றேன். அவள் உறை போட்டு மூடியிருந்த என் கீபோர்டைப் பார்த்தாள். "அப்ப இது, சார்?"

ஆளை மாற்றுவது

அந்த வாரமே சேகர் செய்தியைச் சொன்னார். மடிப்பாக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாளாம். கனமான கீழ்க் குரலாம். காட்டாங்குளத்தூரில் ஒப்புக்கொண்டிருந்த கல்லூரி விழாவோடு ஸ்டெல்லாவை நிறுத்திவிடுவதாக முடிவு. தேநீர்க் கடையின் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். "ஸ்டெல்லாவுக்குக் குரல் போச்சுன்னு ஊரே பேசுது, நான் என்ன பண்ண?" என்றார். போனது அவள் குரலா, நம் கட்டையா என்று கேட்டேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. கோப்பையின் அடியில் இருந்த கடைசி வாயைக் குடிக்காமல் சுழற்றிக்கொண்டே இருந்தார். தாமே எழுதி, தாமே வண்ணம் தீட்டிய போர்டு அது. பாடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பாட்டையும் இறக்கிப் பாடாதவர் என்ற பெயரோடு வாழ்ந்த மனிதர். "போர்டை மாத்தறதைவிட ஆளை மாத்தறது சுலபம், புலவரே."

கரண்ட் போனது

காட்டாங்குளத்தூர் நிகழ்ச்சி பிற்பகலில், திறந்தவெளி மேடையில். முழுக் கட்டை இறக்கி வைத்திருந்தோம். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை. டூயட்டின் முன்னிசையின் நடுவில் கரண்ட் போயிற்று. மாணவர்களின் கூச்சல் மேடையை உலுக்கியது. காகித ராக்கெட்டுகள் பறந்து வந்தன. "தலைவா, டீசல் ஊத்து!" என்று ஒருவன். "பாட்டு வேணாம் மச்சான், பிரியாணி போடச் சொல்லு!" என்று இன்னொருவன். ஒருவழியாக ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் எரிந்தன. நான் முதல் சுரத்தைத் தொட்டேன். மோகன் தந்தியைத் தொட்டான். இரண்டும் சேர்ந்து நாய்ச் சண்டை போல ஒலித்தன.

என்ன நடந்தது என்பது எனக்கும் மோகனுக்கும் ஒரே கணத்தில் விளங்கியது. மின்சாரம் போனால் அந்தப் பொத்தானின் நினைவும் போய்விடும். கீபோர்டு தன் பிறந்த சுருதிக்கு, அசல் கட்டைக்கு, திரும்பிவிட்டது. கித்தாரும் தபலாவும் பள்ளத்திலேயே நின்றன. சேகர் திரும்பாமலே கட்டைவிரலைக் கீழ்நோக்கி வைத்து இருமுறை தட்டினார். என் விரல் பொத்தானுக்குப் போயிற்று. அப்போது ஸ்டெல்லா திரும்பினாள். அந்த விரலைப் பார்த்தாள். என் விரலையும் பார்த்தாள். மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "சார், கையை எடுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

விரல் தானாக விலகியது என்று எழுதலாம். எழுத மாட்டேன், விலக்கினேன். முன்னிசையை அசல் கட்டையிலேயே மறுபடி தொடங்கினேன். மோகன் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கையைக் கித்தாரின் கழுத்துப் பகுதியில் மேலே நகர்த்தி என்னோடு சேர்ந்துகொண்டான். தபலாக்காரர் தபலாவை ஒதுக்கிவிட்டு, சுருதிக் கவலை இல்லாத டோலக்கை மடியில் போட்டார். ஸ்டெல்லா தன் கீழ் அடியை எடுத்தாள். பல மாதங்களாக மேடையில் காணாமற்போயிருந்த அந்தக் குரல், தரையில் கால் ஊன்றி நடப்பதுபோல் நிதானமாக வந்தது. கூச்சல் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

அடுத்தது சேகரின் அடி. உச்சிக்குப் போகும் அடி. அவர் பாதிவரை ஏறினார். கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஒரே சொல், அங்கே உடையும் என்று பின்வரிசையில் நாங்கள் மூவரும் காத்திருந்தோம். உடைவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் மைக்கைச் சட்டென்று கூட்டத்தின் பக்கம் நீட்டி, "எல்லாரும் சேர்ந்து!" என்றார். கல்லூரியே அந்த உச்சியைப் பாடிற்று. அடுத்த முறையும் நீட்டினார். அதற்கடுத்த முறையும் நீட்டினார். முன்னால் நின்ற ஒரு மாணவன் இரு கைகளையும் வாயில் குவித்துக் கத்தினான்: "அண்ணே, எல்லாத்தையும் நாங்களே பாடினா நீங்க எதுக்குண்ணே?"

பாட வேறுபாடு

ஐயம் உள்ள இடம் இதுதான். நிகழ்ச்சி முடிந்து வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஜெனரேட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சேகர் போர்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னருகே வந்தார். முகத்தைப் பார்க்காமல் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் மோகன் இருந்தான். அவன் இன்றும் சத்தியம் செய்யும் பாடம், அதாவது சொல் வடிவம், இது: "இனிமே டூயட்டெல்லாம் அசல் கட்டையில வைங்க." நான் கேட்டதில் ஒரு சொல் வேறு: "இனிமே டூயட்டெல்லாம் அவ கட்டையில வைங்க."

வாய்மொழிப் பாடங்களை ஒப்பிடுவதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பாடங்களில் எது சொன்னவருக்குச் சங்கடம் தருவதோ, அதுவே பெரும்பாலும் மூலம். ஏனென்றால் சங்கடத்தை யாரும் இட்டுக்கட்டுவதில்லை. அதுவுமன்றி, ஆண்டுக்கணக்காகப் போர்டில் படித்த சொல்லைக் காது தானே நிரப்பிக்கொள்வது இயல்பு. இதையெல்லாம் சொன்னபோது மோகன் ஒப்பவில்லை. "நீ புஸ்தகத்துல பாக்குற சார், நான் காதால கேட்டேன்" என்றான். மடிப்பாக்கத்துப் பெண்ணை யாரும் அழைக்கவில்லை. தபலாக்காரர் அதன்பின் சுருதிக்கு ஒன்றாக இரண்டு தபலாக்கள் கொண்டுவந்தார்; மோகன் கையை மேலும் கீழும் நகர்த்தப் பழகிக்கொண்டான். சேகர் தம் தனிப் பாட்டுகளை இறக்கியே பாடினார். டூயட்டில் உச்சி அடி வரும்போதெல்லாம் மைக்கைக் கூட்டத்துக்கு நீட்டினார். அதற்கும் கைத்தட்டல் கிடைத்தது.

நெடுநாள் கழித்து, இரண்டு பாடங்களையும் ஸ்டெல்லாவின் முன் வைத்து எது சரி என்று கேட்டேன். பள்ளியிலிருந்து வந்திருந்தாள், விரல்களில் சாக்பீஸ் தூள். வேனுக்குள் உட்கார்ந்திருந்ததால் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றாள். பிறகு சிரித்தாள்.

"ரெண்டும் ஒரே கட்டைதானே சார்!"

பின்வரிசைத் தோழர்களே, இத்தனை ஆண்டு வாசித்து நான் கற்றது, மேடையில் எவர் தொண்டை இறங்கினாலும் குரல் போனதென்று பெயர் வாங்குகிறவர் எப்போதும் பக்கத்து மைக்கில்தான் நிற்பார் என்பதே.