எத்தனை முறை வேண்டாம் என்று சொல்வது

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். குண்டக்கல், ஹூப்ளி, கோலார் என்று ஊர் ஊராகப் போய்க் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். அம்பத்தூரில் தொழிற்பேட்டை வருகிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அறுபதுகளின் நடுவில் அங்கே வந்து இறங்கினேன். எடுத்தார்கள், படித்தவர்களை. எனக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை கிடைத்தது.

மண்ணூர்பேட்டையில் தங்க இடம் கொடுத்தவன் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைவிட நாலைந்து வயது இளையவன், அதே ஊரில் பிறந்தவன். தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஒரே அறை, ஒரே பாய், ஆளுக்குப் பாதி.

முதல் வாரம் கையில் காசில்லை. மத்தியானம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, சோறு தின்கிறாயா என்று கேட்டார். மரியாதைக்கு, வேண்டாம் என்றேன். நான் வளர்ந்த இடத்தில் கேட்டவுடன் தலையாட்டினால் அடித்துவிடுவார்கள். அந்தம்மா சரி என்று பானையை மூடிவிட்டார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் வேண்டாம் என்றேன், மறுநாளும் மூடினார். மூன்றாம் நாள் கிறுகிறுத்துப் படுத்திருந்தபோது லேத்காரன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"வாணாம்னு நீதானே சொன்னே மாமே. நீ பொய் சொல்றியா நெஜம் சொல்றியான்னு அது எப்டிக் கண்டுபுடிக்கும்?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அன்று முதல் கேட்ட உடனே உட்கார்ந்துவிடப் பழகினேன்.

அந்தப் பழக்கத்தோடு ஆவடிக்குப் போனதுதான் வம்பு. பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்புகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. கோயம்புத்தூர், தஞ்சாவூர், மதுரை என்று தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள் வரிசையாகக் குடியிருந்தார்கள். ஒரு சுவர் தாண்டினால் வேறு ஊர், வேறு குழம்பு. ஒரு வீட்டில் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக் குடிக்க வேண்டும். அடுத்த வீட்டில் டம்ளரை எச்சில் பண்ணிக் குடித்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒரு வீட்டம்மா தரையைப் பார்த்துப் பேசுவார், பக்கத்து வீட்டம்மா தோளைத் தட்டி வேலை வாங்குவார். ஏணியில் நின்றபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு நேரம் போவதே தெரியாது.

தஞ்சாவூர்க்கார வீடு ஒன்றில், சாப்பிடுகிறீர்களா என்று அந்த அம்மா கேட்டார். ஆகட்டும் என்று ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன். அவர் முகம் ஒரு நொடி அசைவற்று நின்றது. பிறகு இலை போட்டார். பாதிச் சாப்பாட்டில் உள்ளே பார்த்தேன், அவர் வெறும் மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டது அவருடைய பங்கு. நான் வெளியே வந்ததும் கூட வேலை செய்தவர் என்னைத் திட்டினார். முதல் தடவை கேட்பது வழக்கத்துக்கு, இரண்டாம் தடவை மரியாதைக்கு, மூன்றாம் தடவையும் கேட்டால்தான் சோறு இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமாம்.

இதையும் மனதில் குறித்துக்கொண்டேன். மண்ணூர்பேட்டையில் உடனே சரி, குடியிருப்பில் இரண்டு முறை வேண்டாம்.

அந்த வருஷம் லேத்காரனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு வந்தது. கொண்டுவந்தவர் சேக்காட்டில் எருமை வைத்துக் குடியிருப்புக்குப் பால் ஊற்றுகிற பால்காரர். எந்த வீட்டில் எத்தனை பெண், எத்தனை ஆழாக்கு, எல்லாம் அவருக்கு அத்துப்படி. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர், மூத்த பெண். பையனுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லாததால் நான் அண்ணனாகப் போக வேண்டியதாயிற்று. பெண்ணைப் பிடித்தால் அவன் என் காலை மிதிப்பதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போனோம். காலையில் டீ மட்டும்தான் குடித்திருந்தோம். பெண் காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு நேராக அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அவன் என் காலை மிதித்த மிதியில் எனக்குக் காபி சிந்தியது.

கொஞ்ச நேரம் லேத் வேலையைப் பற்றிப் பேச்சு போயிற்று. பெண்ணின் அப்பா உள்ளே போய் மனைவியிடம் ஏதோ பேசிவிட்டு வந்து என்னைப் பார்த்து, "தம்பி, இருந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க" என்றார்.

மீன் குழம்பு வாசனை கூடம் முழுக்க இருந்தது. ஆனால் இது குடியிருப்பு. "வேணாங்க, இப்பதான் சாப்புட்டு வந்தோம்" என்றேன்.

அவர் இரண்டாம் தடவை கேட்பதற்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. சரி என்று மெதுவாகச் சொல்லி எழுந்து நின்றார். பெண்ணின் அம்மா சமையலறை வாசலில் நறுக்கிய இலைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார், அப்படியே உள்ளே திரும்பிவிட்டார். நாங்கள் கும்பிட்டு வெளியே வந்தோம். ஸ்டேஷன் வரைக்கும் லேத்காரன் அந்தப் பெண்ணின் பார்வையைப் பற்றிப் பாதியும் அந்தக் குழம்பைப் பற்றிப் பாதியும் பேசிக்கொண்டு வந்தான்.

மறுநாள் குடியிருப்பில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தபோது பால்காரர் சைக்கிளை என் பக்கத்தில் நிறுத்தினார்.

"இன்னாண்ணாத்தே, பொண்ணு புடிக்கலன்னா என்னாண்ட சொல்லிக்கினு போறதுதானே? அந்தாளு மூஞ்சில அட்ச்சா மாதிரி பண்ணிட்டு வந்துகீறியே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். அந்த ஊர்க்காரர்களிடம் பெண் பார்க்க வந்த இடத்தில் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பெண் வீட்டுக்கு இஷ்டம் இருந்தால்தான் சாப்பிடக் கூப்பிடவே செய்வார்கள். பையன் வீட்டில் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. மறுபடி கேட்டால் பெண்ணைத் தலையில் கட்டப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும், அதனால் கேட்கமாட்டார்கள். பெண்ணின் அப்பா நேற்று ராத்திரியே ஊரில் இருக்கும் ஓர் உறவுக்காரப் பையனுக்குச் சம்மதம் என்று கடிதம் எழுதிவிட்டாராம், இன்று சாப்பாட்டுக்கு வரும்போது எடுத்துப்போய்த் தபாலில் போடுவாராம்.

"புடிச்சிருக்குப்பா, அவனுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு" என்றேன்.

"அப்ப ஏன் துன்னாம வந்தே?"

தஞ்சாவூர் வழக்கத்தை அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது. சாப்பாட்டு நேரம். வாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். குழாயில் கையை மட்டும் கழுவிக்கொண்டேன். தலையெல்லாம் சுண்ணாம்பு, சட்டையும் இல்லை, தோளில் துண்டுதான்.

பெண்ணின் அப்பா அப்போதுதான் சைக்கிளை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. ஜன்னல் மேடையில் வாய் ஒட்டிய தபால் உறை ஒன்று இருந்தது. வழியில் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

"பசிக்குதுங்க. சோறு போடுங்க" என்றேன்.

யார் வீட்டிலும் நான் அப்படிக் கேட்டதில்லை. பட்டினி கிடந்த ஊர்களில்கூடக் கேட்டதில்லை.

அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். "உங்க தம்பி சொல்லி அனுப்புனாரா?"

"அவனுக்குத் தெரியாது. நேத்து அவன் மிதிச்சது இன்னும் வலிக்குது, அதான் வந்தேன்." காலை மிதிக்கிற ஏற்பாட்டையும், வேண்டாம் என்று நான் ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, தஞ்சாவூரில் மூன்று முறையா கேட்பார்கள் என்று நம்பாமல் விசாரித்தார். பிறகு உள்ளே பார்த்து, இரண்டு இலை போடச் சொன்னார்.

நேற்றைய மீன் குழம்புதான், இன்றைக்குச் சுண்டி இன்னும் நன்றாக இருந்தது. நான் சோற்றில் கை வைக்கும்வரை அவர் தன் இலையைத் தொடவில்லை. நான் முதல் கவளத்தை விழுங்கியதும்தான் பிசையத் தொடங்கினார்.

"மாப்பிள்ளைக்கு இந்த வாரம் எந்த ஷிப்ட்டு?" என்று கேட்டார்.

பகல் ஷிப்ட் என்றேன். அந்த அம்மா சோற்றுச் சட்டியோடு வந்து, இன்னும் கொஞ்சம் வைக்கவா என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. மறுபடி ஒரு கல்யாணத்தைக் கெடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

"அம்மா, இங்க போதும்னு சொன்னா போதும்னு அர்த்தமா, இல்ல இன்னொரு தடவை கேப்பீங்களா?"

சமையலறைக்குள் யாரோ சிரிப்பை அடக்க முயன்று முடியாமல் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, எச்சில் படாத இடது கையால் ஜன்னல் மேடையிலிருந்த உறையை எடுத்துக் கசக்கிச் சட்டைப் பைக்குள் திணித்தார். அந்த அம்மா என் பதிலுக்குக் காத்திருக்காமல் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை எடுத்துவர உள்ளே போனார்.